வளவுப் பத்தியில் பத்து மீட்டர்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்கான இலக்கு அட்டையில் பத்தாம் வட்டம் அரை மில்லிமீட்டர் புள்ளிதான். ஒன்பதாம் வட்டத்தின் விட்டம் 5.5 மில்லிமீட்டர். சுடும் ஈயக் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். இப்போதைய தகுதிச் சுற்றில் தசமப் புள்ளி உண்டு: குண்டின் மையம் கால் மில்லிமீட்டர் விலகினால் 0.1 போகும். 60 குண்டு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10.9, ஆக மொத்தம் 654. உலக அளவில் 630-ஐத் தாண்டுகிறவர்கள்தான் இறுதிச் சுற்றைப் பற்றி நினைக்க முடியும். கடலூரில் பிறந்த ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் நிற்கும் வரிசை அது.

என் மகள் அந்த வரிசைக்கு இன்னும் வெகு தூரத்தில் இருக்கிறாள். ஆனால் அவள் கையில் இருக்கும் ரைஃபிளும் குண்டும் அவளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பத்துக்கு வெளியே போனால் அது தன் கை ஆடியதாலா, குண்டு சரியில்லாததாலா என்று தெரியாமல் ஒரு பிள்ளை மாதக்கணக்கில் பயிற்சி செய்வது கொடுமை. அதனால் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டில் ஒரு பத்து மீட்டர் தளமும், குண்டுகளைச் சோதித்துப் பிரிக்க ஒரு மேசையும் அமைத்தோம். அந்த வேலையின் பதிவு இது.

முதலில் சட்டம். அமெரிக்காவில் துல்லியமாகச் சுட விரும்புகிறவர்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். புரோகிரசிவ் பிரஸ் என்ற இயந்திரத்தில் கைப்பிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் பல நிலைகளில் பல வேலைகள் ஒன்றாக நடந்து, ஒரு முழுத் தோட்டா வெளியே வரும். இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி, தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். வீட்டில் செய்கிற காரியம் அல்ல. ஏர் ரைஃபிள் வேறு கணக்கு. 2016 ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேல் போகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. போட்டி ரைஃபிளின் குண்டு சுமார் 0.53 கிராம், வேகம் நொடிக்கு 170 மீட்டர் அளவில். அதன் ஆற்றல் எட்டு ஜூலுக்குக் கொஞ்சம் கீழே. இதில் வெடிமருந்து நிரப்பும் வேலை கிடையாது. ஆனால் தோட்டா நிரப்புகிறவர் பிரஸ்ஸை அமைக்கும்போது தேடுவதும் நாம் தேடுவதும் ஒன்றே: ஒவ்வொரு குண்டும் முந்தையதைப் போலவே போக வேண்டும்.

இடத்துக்கு வருகிறேன். செட்டிநாட்டு வீட்டில் நீளத்துக்குப் பஞ்சமில்லை. முகப்பில் நின்றால் பின்வாசல் வரை ஒரே கோட்டில் நிலைக்கதவுகள் தெரியும். அந்தக் கோட்டைத்தான் எல்லோரும் காட்டினார்கள். நான் வேண்டாம் என்றேன். வீட்டின் நடமாட்டம் முழுக்க அந்தக் கோட்டில்தான். அதற்குப் பதில் வளவை, அதாவது நடு முற்றத்தை, ஒட்டிய பக்கப் பத்தியை எடுத்துக்கொண்டோம். அங்கே திறக்கும் அறைகள் பங்காளிகளுடையவை. அவர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பதால் அறைகள் பூட்டியே கிடக்கும். ஒவ்வொருவருக்கும் போன் செய்து அனுமதி கேட்டேன். எல்லோரும் சம்மதித்தார்கள், ஒரே நிபந்தனையோடு: படைப்புக்கோ (முன்னோருக்குச் செய்யும் குடும்ப வழிபாடு) கல்யாணத்துக்கோ வீடு நிறையும்போது அங்கே எதுவும் இருக்கக் கூடாது.

அந்த நிபந்தனைதான் தளத்தின் வடிவத்தையே முடிவு செய்தது. சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பூச்சு அது. இன்று ஒரு துளை போட்டால் அதை அடைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும். எல்லாமே தானாக நிற்கும் சட்டங்கள். கழற்றிப் பின்கட்டில் சாத்திவிடலாம்.

குண்டுப் பெட்டியை ஊர்ப் பட்டறையில் செய்தோம். மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடு, 45 டிகிரி முன்பக்கம் சாய்ந்தபடி. மேல் விளிம்பு சுடுகிறவரை நோக்கி வரும், கீழ் விளிம்பு பின்னால் போகும். குண்டு அதில் பட்டு நசுங்கிக் கீழே இருக்கும் தட்டில் விழும். தகட்டைச் செங்குத்தாக நிறுத்தினால் ஈயத் துணுக்கு திரும்பி வரும். பட்டறைக்காரர் அதைப் புரிந்துகொண்டு, தானாகவே பக்கங்களையும் மேலேயும் மூடி வெல்டு வைத்துக் கொடுத்தார். வாய்ப்பக்கத்தில், அட்டைக்குப் பின்னால் கெட்டியான கான்வாஸ் துணி ஒன்று தொங்குகிறது. துளைத்துப் போன குண்டின் தூள் வெளியே வராமல் அது பிடித்துக்கொள்ளும். தகட்டின் முதுகில் பழைய ரப்பர் பாய் ஒட்டினோம். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு குண்டும் வளவு முழுக்க மணி அடிக்கும். பெட்டிக்குப் பின்னால், சுவருக்கு முன்னால், ஆள் உயரத்துக்கு இரட்டை பிளைவுட் பலகை. குறி தவறினாலும் சுவரைத் தொடக் கூடாது.

அட்டையின் மையம் சுடுகிறவர் நிற்கும் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். விதியில் ஐந்து சென்டிமீட்டர் இப்படி அப்படி அனுமதி உண்டு. பத்தித் தரை மழைநீர் வடிவதற்காக வளவுப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். அதனால் அட்டைக்கு நேர் கீழே இருக்கும் தரையிலிருந்து அளக்காமல், சுடும் கோட்டிலிருந்து தண்ணீர் டியூப் பிடித்து மட்டம் கொண்டுபோனோம். பத்து மீட்டரை அட்டையின் முகத்திலிருந்து கோட்டின் விளிம்பு வரை அளக்க வேண்டும், பெட்டியின் பின் தகட்டிலிருந்து அல்ல.

பாதுகாப்புக்கு இரண்டே பழக்கம். சுடத் தொடங்கும் முன் பத்தியின் இரு முனையிலும் சிவப்புக் கயிறு கட்ட வேண்டும். அறைக் கதவுகளின் பூட்டை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். இதை நான் மறந்தாலும் மகள் மறப்பதில்லை.

ஈயத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் பேசுவதில்லை. 500 குண்டுள்ள ஒரு டப்பாவில் கால் கிலோவுக்கு மேல் ஈயம் இருக்கிறது. சுடச் சுட அது தூளாகித் தட்டில் சேரும். உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்கினால் அந்தத் தூள் காற்றில் ஏறும். குழந்தைகள் உடம்புக்கு ஈயம் மிகக் கெடுதல். சுடும் கோட்டிலும் பெட்டியடியிலும் பாய் விரித்திருக்கிறோம். ஈரத் துணியால் துடைப்பதுதான் வழக்கம், அந்தத் துணி வேறு எதற்கும் போகாது. ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆசிட் ஆகாது, எண்ணெய் சிந்தினால் கறை இறங்கிவிடும். அதற்கும் சேர்த்தே அந்தப் பாய். குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது என்பது என் அம்மாவின் உத்தரவு. தளத்தில் முறுக்கோ மணகோலமோ கொண்டுவந்து வைத்தால் அவரே எடுத்துக்கொண்டு போய்விடுவார். சுடும்போது குண்டை உதட்டில் கவ்வி வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

வெளிச்சம் இந்த வீட்டுக்கே உரிய சிக்கல். வளவு திறந்தது. காலை வெயில் ஒரு பக்கத் தூண் வரிசையில் விழும், பிறகு நகர்ந்து பத்திக்குள் ஏறும். டயாப்டர் என்ற சிறு துளை வைத்த பின் குறிகாட்டி வழியாகப் பார்க்கிறவருக்கு அட்டையின் வெளிச்சம் மாறினால் கறுப்பு வட்டத்தின் விளிம்பு மாறித் தெரியும். கை அசையாமலே குண்டு இடம் மாறும். போட்டித் தளத்தில் அட்டைக்குக் குறைந்தது 1500 லக்ஸ் வெளிச்சம் கேட்கிறார்கள். அட்டைக்கு முன்னால், பக்கவாட்டில், சுடுகிறவர் கண்ணில் படாதபடி மறைப்பு வைத்து ஒரு எல்.இ.டி. ஃபிளட் விளக்கு நிறுத்தினோம். மலிவான விளக்குகள் சில லேசாகத் துடிக்கும். போன் கேமராவில் பார்த்தால் கோடு கோடாக ஓடும். அப்படி ஓடாத விளக்காகப் பார்த்து வாங்கினேன். பெட்டியிருக்கும் பக்கத்துத் தூண்களுக்கு நடுவே கறுப்புத் துணி கட்டியதும் காலையும் மாலையும் ஒன்றாயின. உச்சி வெயிலில் மட்டும் இன்னும் சுடுவதில்லை.

இனி மேசை. குண்டைச் சோதிக்க வேண்டுமானால் ஆள் சுடக் கூடாது, ரைஃபிளை வைஸில் (திருகி இறுக்கும் பிடிகருவியில்) பிடித்துச் சுட வேண்டும். இது அழுத்தக் காற்று ரைஃபிளுக்குத்தான் பொருந்தும். ஸ்பிரிங் ரைஃபிள் உள்ளுக்குள்ளேயே உதைக்கும். அதை இறுக்கிப் பிடித்தால் குண்டு சிதறும், தளர்வாகக் கையில் தாங்கித்தான் சுட வேண்டும்.

பின்கட்டில் சும்மா கிடந்த கருங்கல் பலகை ஒன்றை எடுத்து, கல்தச்சரிடம் துளை போட்டு வைஸை போல்ட் வைத்து இறுக்கினோம். கால்களும் கல்தான். நான்கு பேர் சேர்ந்தால்தான் நகரும். வைஸின் தாடைக்கு வேப்பங்கட்டையில் உறை, அதன் உள்ளே தோல். ரைஃபிளின் தோள்கட்டையைக் கழற்றி, அதன் உடல் பாகத்தை மட்டும் பிடிக்கிறோம். காற்று சிலிண்டரை ஒருபோதும் பிடிக்கக் கூடாது. 200 பார் அழுத்தம் உள்ள பாத்திரம் அது. குழல் நுனியையும் பிடிக்கக் கூடாது.

மேசை நம்பகமானதா என்பதைக் குண்டு போடாமலே பார்க்கலாம். டயாப்டர் வழியாக அட்டையின் மையத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு, நெம்புகோலைத் திறந்து மூடிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். மையம் நகர்ந்திருந்தால் பிடி சரியில்லை. திருகைக் கூட்டிக் குறைத்து, தோலை மாற்றி, நகராத நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் முதல் குண்டு. பலரும் இந்த இடத்தை அவசரமாகக் கடந்து போகிறார்கள். மேசை ஆடினால் அதன் பிறகு அளப்பதெல்லாம் மேசையின் குணம், குண்டின் குணம் அல்ல.

குண்டுகளில் தலையின் விட்டம் 4.48-இலிருந்து 4.52 மில்லிமீட்டர் வரை நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் கிடைக்கிறது. டப்பாவில் அச்சிட்டிருக்கும். அப்புறம் பேட்ச் எண், அதாவது ஒரே தடவையில் செய்த குண்டுகளுக்கு இடும் எண். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே தலை அளவு இருந்தாலும் பேட்ச் மாறினால் அது வேறு குண்டு என்றே நினைத்துக்கொள்ள வேண்டும்.

குண்டை எடை போட்டுப் பிரிப்பதைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பேசுகிறார்கள். நானும் நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற, ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு வாங்கினேன். காற்றாடியை நிறுத்தி, சோதனை எடைக்கல்லை வைத்து அளவைச் சரிபார்த்து, ஒரு டப்பாவை முழுக்க நிறுத்தோம். பெரும்பாலானவை 0.53 கிராமுக்கு ஐந்து மில்லிகிராம் மேலே கீழே, அதாவது சுமார் ஒரு சதவீதம். இதனால் எவ்வளவு கெடும்? நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் பத்து மீட்டர் போக 0.059 நொடி. அந்த நேரத்தில் குண்டு 17 மில்லிமீட்டர் கீழே இறங்கும். ஆற்றல் மாறாமல் எடை ஒரு சதவீதம் கூடினால் வேகம் அரை சதவீதம் குறையும், இறக்கம் ஒரு சதவீதம் கூடும். அதாவது 0.17 மில்லிமீட்டர். ஒரு தசமப் புள்ளிக்கே கால் மில்லிமீட்டர் வேண்டும். ஆக, எடை போட்டுப் பிரிக்கும் பொறுமை அத்தனையும் ஒரு தசமத்தைக்கூட முழுதாகச் சம்பாதித்துத் தருவதில்லை. இப்போது எடையில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பவற்றை மட்டும் ஒதுக்குகிறோம்.

ஸ்கர்ட் நசுங்கிய குண்டு அப்படியல்ல. ஸ்கர்ட் என்பது குண்டின் பின்புற விளிம்பு, மெல்லியது. டப்பா கூரியரில் குலுங்கி வரும்போதே சிலவற்றுக்கு ஒடுக்கு விழுந்துவிடும். அதன் வழியாகக் காற்று ஒரு பக்கம் கசியும், குண்டு பல மில்லிமீட்டர் விலகும். கண்ணால் பார்த்தே பாதியைப் பிடிக்கலாம். மிச்சத்துக்குக் கண்ணாடி. தடித்த கண்ணாடிப் பலகையை ஒரு முனையில் லேசாக உயர்த்தி, அதன் மேலிருந்து குண்டுகளை ஒவ்வொன்றாக உருட்ட வேண்டும். தலையும் ஸ்கர்ட்டும் வேறு வேறு விட்டம் என்பதால் குண்டு நேராக உருளாது, வளைந்துதான் போகும். நல்லவை எல்லாம் ஒரே வளைவில் போய் ஒரே இடத்தில் விழும். கோணலானவை தடுமாறித் தனியே போகும். தராசைவிட இந்தக் கண்ணாடி எங்களுக்கு அதிகம் உழைத்திருக்கிறது.

பிரித்ததைப் போட்டு வைக்க, தச்சரிடம் பல்லாங்குழி மாதிரியே பதினான்கு குழிகளோடு ஒரு பலகை செய்து வாங்கினேன். வீட்டில் பழைய பல்லாங்குழி இருக்கிறது, குழியின் அளவும் கச்சிதம். ஆனால் ஈயம் பட்ட பலகையில் நாளைக்கு ஒரு குழந்தை சோழி போட்டு விளையாடக் கூடாது. புதுப் பலகையின் முதுகில் சிவப்பு மையால் ஈயம் என்று எழுதிவைத்தோம்.

பிறகு தலை அளவுச் சோதனை. ஒவ்வொரு குழிக்கும் மகள் ஒரு எண் போட்டாள். எந்த எண் எந்த டப்பா என்ற தாள் அவளிடம். வைஸில் பிடித்துச் சுடுவது நான், காலிப்பரில் அளப்பதும் நான். எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம்.

“அப்பச்சி, இது நல்லா வந்துச்சுன்னா எந்த டப்பான்னு இப்பவே சொல்லட்டுமா?”

“முழுக்க அளந்து முடிக்கிற வரை சொல்லாதே.”

காரணம் உண்டு. விலை கூடிய டப்பா என்று தெரிந்தால் காலிப்பரின் முள் தானாகவே நம் ஆசைப் பக்கம் சாயும். அட்டையில் மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து, 4.5-ஐக் கழித்தால் மையத்திலிருந்து மையம் வரும். அட்டைக்குப் பின்னால் இன்னொரு கெட்டி அட்டை வைத்தால் ஓட்டை கிழியாமல் வட்டமாக விழும். ஐப்பசி கார்த்திகை மழையில் அட்டை ஈரம் குடித்து உப்பும், ஓட்டையின் விளிம்பு பிசிறடிக்கும். அதனால் அட்டைகள் தகர டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு.

புதுக் குண்டுக்கு மாறும்போது குழலைத் துடைத்துவிட்டு, அந்தக் குண்டிலேயே ஒரு இருபது முப்பது சுட்டுவிட்டுத்தான் அளக்கத் தொடங்க வேண்டும். குழலுக்குள் படியும் மெல்லிய ஈயப் பூச்சு நிலைபெறும் வரை குண்டு அலையும். ஒரே குறியில் சுட்ட ஐந்து குண்டின் ஓட்டைக் கூட்டம் ஒரு குரூப் என்பது வழக்கம். ஆனால் ஒரே ஒரு ஐந்து குண்டுக் குரூப்பை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நல்ல குண்டும் ஒருமுறை சிதறும், சுமாரான குண்டும் ஒருமுறை ஒரே ஓட்டையில் போகும். ஒவ்வொரு வகையிலும் பல குரூப் சுட்டுச் சராசரியைத்தான் ஒப்பிட்டோம். டிரேசிங் தாளில் எல்லா ஓட்டைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்து பார்த்தது இன்னும் தெளிவாக இருந்தது.

எண்களைப் பிரித்துப் பார்த்தபோது எங்கள் குழலுக்கு 4.50 தலையில் ஒரு பேட்ச் முன்னால் நின்றது. ஓட்டைக் கூட்டத்தின் வெளி அளவு 5.6 மில்லிமீட்டர் அளவில், அதாவது மையத்திலிருந்து மையம் 1.1. அதே கம்பெனியின் அதே 4.50, வேறு பேட்ச், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல். 4.48 மூன்றைத் தாண்டியது. ஆக விலை கூடிய டப்பா ஜெயித்தது என்றோ, பெரிய தலை ஜெயித்தது என்றோ சொல்ல முடியாது. இந்தக் குழலுக்கு இந்தப் பேட்ச். இன்னொருவர் குழலுக்கு இந்தக் கணக்கு உதவாது, அவர் தன் ரைஃபிளில் சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

1.1 மில்லிமீட்டர் குரூப் என்றால் மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகல், அதாவது குண்டின் பங்கு இரண்டு தசமம். மூன்று மில்லிமீட்டர் குரூப்பில் அது ஆறு தசமம். அவள் பத்து புள்ளி ஒன்பது சுட்டிருந்தாலும் அட்டை பத்து புள்ளி மூன்று என்று காட்டக்கூடும். அந்த வித்தியாசத்தைத் தன் தப்பு என்று நினைத்துத்தான் அவள் நிற்கும் நிலையை இத்தனை நாள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காற்றுப் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குரோனோகிராஃப் வைத்து, சிலிண்டர் நிறைந்ததிலிருந்து தீரும் வரை வேகத்தைக் குறித்துக்கொண்டோம். காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் வேலை செய்யும்வரை வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டருக்குள் நிற்கிறது. அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனதும் சரிகிறது. அந்த அளவுக்குச் சற்று மேலேயே நிறுத்திக்கொள்ள சிலிண்டர் மீட்டரில் சிவப்புக் கோடு போட்டாயிற்று. கைப்பம்பில் அடைக்கிறோம். அடிக்கும்போது பம்பு சூடாகும், ஈரமும் உள்ளே போகும். விட்டு விட்டு அடிக்க வேண்டும், ஈரம் உறிஞ்சும் வடிகட்டியை நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள். பத்து வருடம் தாண்டியதைப் போட்டியில் ஏற்க மாட்டார்கள், வீட்டிலும் வைத்துக்கொள்வது சரியல்ல.

இப்போது கடைக்காரரிடம் அந்தப் பேட்ச் எண்ணைக் கொடுத்து, இருக்கும் டப்பாக்களை எல்லாம் ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். சோதனையில் தேறாத டப்பாக்களை வீணாக்கவில்லை. நின்று பழகுவதற்கும் மூச்சுப் பயிற்சிக்கும் அவை போதும், அந்த நாட்களில் மகள் புள்ளி எண்ணுவதில்லை. தட்டில் சேர்ந்த ஈயம் மூடி போட்ட வாளியில் இருக்கிறது, நிறைந்ததும் பழைய பேட்டரி எடுக்கும் வியாபாரியிடம் போகும். தையில் பங்காளி வீட்டுக் கல்யாணம் வருகிறது. மார்கழிக் கடைசியில் பெட்டி, பலகை, துணி எல்லாவற்றையும் கழற்றிப் பின்கட்டில் சாத்த வேண்டும். கருங்கல் மேசையை மட்டும் அங்கேயே விட்டுவிடலாமா என்று பெரிய அண்ணனிடம் கேட்டிருக்கிறேன்.